கூரையைத் தொடாத சுவர்

பக்கத்து ஃபிளாட்டில் தட்டை வீசி எறிந்த சத்தம் குளியலறை ஜன்னல் வழியாகக் கேட்டது. பின்னாலேயே ஒரு பெண்ணின் அழுகை. எனக்குத் தென்காசி ரயில்வே லைன் வீடுகள் ஞாபகம் வந்துவிட்டன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அப்பாவுக்கு அங்கே வேலை. நீளமான ஒரே ஓட்டுக்கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாமல் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். சாரல் காற்று முதல் வீட்டில் நுழைந்து கடைசி வீடு வரை ஓடும். மீன் குழம்பு வாசமும் அப்படித்தான். அப்பா இருமினால், "சுக்கு தட்டிப் போட்டுக் குடிங்க, அண்ணாச்சி" என்று சுவருக்கு மேலே குரல் வரும். எவன் கட்டினானோ, மகராசன்!

அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவதற்கென்றே குற்றாலம் போவார்கள். அருவி இரைச்சலில் ஆசை தீரக் கத்திவிட்டு, ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு திரும்புவார்கள்.

அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்த, ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனுக்கு இந்தச் சுவரின் குணம் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறான். அவள் அலறியதுதான் தாமதம், அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

"ஏலே, கைய எறக்கு!"

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதே குரல் எழுந்தது, கூரையே பேசியதுபோல. அதன்பிறகு அங்கே அடிச்சத்தம் கேட்டதே இல்லை. அடித்திருந்தால் கேட்காமல் இருந்திருக்காது.

இங்கே சுவர்கள் கூரை வரை கெட்டியாகப் போகின்றன. ஜன்னல் மட்டும்தான் திறந்திருக்கிறது. அதற்கு நேராகப் போய் நின்று, தள்ளாத வயதையும் மீறிய குரலில் கத்தினேன்.

"ஏலே, கைய எறக்கு!"