தூரமா, பக்கமா

மூக்குக்கண்ணாடிக்கு ஆகும் செலவு திருப்பித் தரப்படாது. செயற்கை உறுப்புக்குத் தரப்படும், முன் அனுமதி பெற்றிருந்தால். எங்கள் மருத்துவச் செலவு விதி அப்படித்தான் சொன்னது. கண்ணுக்குள்ளேயே வைத்துவிடும் லென்ஸ் இவ்விரண்டில் எது என்று விதியை எழுதியவர் யோசிக்கவில்லை. கழற்றி மேஜைமேல் வைக்க முடியாதது கண்ணாடி ஆகாது என்பது என் கட்சி. ஆவடித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில், ஓய்வு பெறும்வரை பிறர் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே பிழைத்தவன் நான். திருப்பி அனுப்ப முடியாத விண்ணப்பம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆடி மாதம் முன் அனுமதி கேட்டு அப்படி ஒன்றை அனுப்பினேன்.

கண் என் மனைவியுடையது. அது தொண்ணூறுகளின் தொடக்கம். முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தோம். பால்கனிக்கு நேரே, தெருக்கோடியில் பஸ் நிலையம். திருப்பத்தில் பஸ் தலைகாட்டியதும் அவள் கைதட்டுவாள். கீழ் வீடுகளிலிருந்து டிபன் டப்பாவோடு ஆட்கள் ஓடுவார்கள். இந்தப் பதவிக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. ஒருநாள் அவள் கைதட்ட, மூன்று வீட்டுக்காரர்கள் ஓடிப்போய்த் தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்றார்கள். கண்ணில் புரை இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. இடது கண் சிறு வயதில் அம்மையில் போய்விட்டது. மிச்சம் இந்த ஒன்றுதான்.

லென்ஸ் ஏதாவது ஒரு தூரத்துக்குத்தான் பொருந்தும் என்றார் டாக்டர். கண்ணாடி இல்லாமல் தூரம் தெரிய வேண்டுமா, பக்கம் தெரிய வேண்டுமா? மற்றதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். லென்ஸே வேண்டாமென்றால் பழைய முறைப்படி தடிக் கண்ணாடி உண்டு. எந்தப் படிவத்திலும் நான் பார்த்திராத கேள்வி அது. விசாரணையில் இறங்கினேன்.

கரையான்சாவடியில் தடிக் கண்ணாடிக்காரர் ஒருவர் எனக்குக் காபி நீட்டிவிட்டுத் தன் டம்ளருக்குக் கை நீட்டினார். கை டம்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது; அந்தக் கண்ணாடியில் எல்லாம் கிட்டத்தில் இருப்பதாகத் தெரியுமாம். அந்த முறை அங்கேயே தள்ளுபடி. கோவில்பதாகையில் என் பழைய சகா தூரத்து லென்ஸ் வைத்திருந்தார். ஏரியில் எங்கோ நின்ற கொக்கைக் காட்டிப் பெருமைப்பட்டார். சாப்பிடும்போது மீன் முள் எடுக்க மனைவியைக் கூப்பிட்டார். நான் பக்கத்து லென்ஸ் என்று முடிவு செய்தேன்.

செய்தி பரவியது. கீழ்வீட்டு வெல்டர் மாடியேறி வந்தார்.

"இன்னா சார் நீ, கிட்ட பாக்கற லென்ஸ வெச்சுட்டா எங்க கதி இன்னா ஆவறது? இப்பவே ரெண்டு நாளு லேட்டு போட்டுட்டான் சார்."

பாதிக்கப்படுவோர் தரப்பையும் கேட்டுக்கொண்டேன். முடிவை மாற்றவில்லை. அரிசியில் கல் பொறுக்குவது, ஊசி கோப்பது, பேப்பர் படிப்பது எல்லாமே பக்கத்து வேலைகள் என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"சோத்துல கல்லு இருந்தா பல்லு சொல்லிடும். பஸ் வர்றத யாருங்க சொல்லுவா?"

புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். முன் அனுமதி வராமல் செய்துகொண்டால் விண்ணப்பம் செல்லாது என்றேன் நான். அனுமதி வரும்போது அதை நானே படித்துக்கொள்ளலாம், தனக்குக் கண் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஐப்பசியில் ஆபரேஷன் ஆனது. தூரத்து லென்ஸ்.

கட்டுப் பிரித்த பிறகும் பல நாள் அவள் கைதட்டவில்லை. பால்கனியில் நின்று பார்ப்பாள், உள்ளே வந்துவிடுவாள். கீழே யாரும் கேட்கவும் இல்லை. கார்த்திகையில் ஒருநாள் காலை கைதட்டல் கேட்டது. நானும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். வெல்டர் ஓடிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் வந்தது பஸ்தான்.

அடுத்த மாதம் அவள் பால்கனியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"தபால்காரர் வர்றார். கையில பழுப்புக் கவர். உங்களுக்குத்தான் இருக்கும், கண்ணாடியத் தேடி எடுத்து வைங்க."

எனக்குத் தெருக்கோடியில் புகைதான் தெரிந்தது. கவர் எனக்குத்தான். அனுமதி கோரும் லென்ஸ் எந்த வகை, தூரத்துக்கா, பக்கத்துக்கா என்று தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். அன்று போகி.