மூடியைத் திறக்கக் கூடாத சமையல்

‘சிறுநீரக நோயாளியான தம் கணவரை எந்நேரமும் மலர்ந்த முகத்துடனும் தளராத நேர்மறை எண்ணத்துடனும் பேணிவரும் முன்மாதிரி இல்லத்தரசி திருமதி அ. ரோஸ்லின் அவர்களுக்கு’ என்று அந்தச் சான்றிதழில் அச்சிட்டிருந்தது. உலகச் சிறுநீரக நாளன்று விழுப்புரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்று சட்டம் போட்டுக் கொடுத்தது. அதில் உண்மை என்று சொல்லத்தக்கவை மூன்று: கணவர், சிறுநீரகம், பெயருக்கு முன்னால் இருந்த ‘அ’.

மலர்ந்த முகத்தைத் திண்டிவனத்தில் யாரும் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்திலேயே ரோஸ்லின் மழை வரப்போவது தெரிந்தவளைப் போலத்தான் நிற்கிறாள். அன்று மழை வந்தது. பந்தல் சரிந்து ஓர் அண்டா பிரியாணி நனைந்தது. ஐம்பத்து நான்கு வயதுக்குள் அவள் எதிர்பார்த்த கெட்டதில் பாதிதான் நடந்திருக்கிறது. மீதிப் பாதி நடக்காமல் போனதற்குக் காரணமே அவள் எதிர்பார்த்ததுதான் என்பதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

நேர்மறை எண்ணம் கொண்டவர் அந்த வீட்டில் ஒருவர் இருந்தார். அவர்தான் நோயாளி.

அமலதாஸ் இருபத்தெட்டு வருடம் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே தனியார் பேருந்து ஓட்டியவர். பட்டன் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்ட டயரைத் தட்டிப் பார்த்து, “இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும்” என்று சொல்லக்கூடியவர். தன் உடம்பையும் அதே நம்பிக்கையோடுதான் ஓட்டினார். சர்க்கரை ஏறியபோது “ஒண்ணும் ஆவாது” என்றார். ரத்தக் கொதிப்புக்கும் அதையே சொன்னார். கால் வீங்கியபோது பெரிய செருப்பாக வாங்கிக்கொண்டார். கடைசியில் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோய், திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் விழுப்புரத்துக்குப் போய் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு வரும்படி ஆனது. அதிலும் அவருக்கு வருத்தம் இல்லை.

“இதப் போய் பேஜாருன்றானுங்க. ஏசில நாலு மணி நேரம் படுத்துக்கினு டிவி பாக்கறேன். டூட்டில இருந்தப்ப எவன் உட்டான் என்னை?”

இயந்திரம் பெரிய சிக்கல் இல்லை. தண்ணீர்தான் சிக்கல். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம். காபி, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். உப்பு அறவே கூடாது. உப்பு சேர்ந்தால் தாகம், தாகம் வந்தால் தண்ணீர், குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் கோக்கும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ரோஸ்லின் அதை ஞானோபதேசம் போல மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். அதே மருத்துவமனைதான் கோழி, முட்டை நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றும், சாப்பிடாவிட்டால் நோயைவிடப் பட்டினி முந்திக்கொள்ளும் என்றும் சொல்லியது. குழம்பு, ரசம் இல்லாமல், உப்பில்லாமல், சோற்றை எப்படி உள்ளே தள்ளுவது என்று மட்டும் சொல்லவில்லை. அமலதாஸ் இரண்டு வாரம் முயன்றுபார்த்தார்.

“சிமெண்டு கலவைய தண்ணி ஊத்தாம துன்னச் சொல்றியே ரோஸி.”

அவர் எடை மாதாமாதம் இறங்கியது. ஆறு மாதம் தாங்க மாட்டார் என்று ரோஸ்லின் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் பரணில் ஏறினாள்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பதினொரு வருடம் அவள் புதுச்சேரி பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அந்த அம்மாள் வயதாகித் தன் ஊருக்கே திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போன ஸ்லோ குக்கர் பரணில் கிடந்தது. முட்டை வடிவில், அடுப்பு நெருப்பையும் தாங்குகிற கனத்த பீங்கான் சட்டி. அதைச் சுற்றி மின்சாரத்தில் சுடுகிற கூடு. காலையில் பொருட்களைப் போட்டு மூடிவிட்டுப் போனால் எட்டு மணி நேரம் சோம்பேறித்தனமாக வேகும். அந்த அம்மாள் அதில் செய்யச் சொல்லிக்கொடுத்தவற்றிலேயே சுலபமானது கோழி பாஸ்தா. எலும்பில்லாத கோழி, வெங்காயம், பூண்டு, நிறைய மிளகு, ஒரு கரண்டி வெண்ணெய், கால் தம்ளர் தண்ணீர். கடைசியில் எலுமிச்சை பிழிந்து, தனியாக வேகவைத்து வடித்த குழாய் பாஸ்தாவைப் போட்டுக் கிளற வேண்டியது. குழம்பு கேட்காத சோறு என்று ரோஸ்லினுக்கு அப்போதே தோன்றியிருந்தது. உப்பை எடுத்துவிட்டால் மிளகும் எலுமிச்சையும் ஓரளவு ஈடுகட்டும்.

ஒரே ஒரு விதி: மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே சேர்ந்த சூடு போய், வேக அரை மணி கூடும். கொதிக்கிற பாத்திரத்தைக் கடந்து போகும்போது மூடியைத் தூக்கிப் பார்க்காத மனிதர் திண்டிவனத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் இயந்திரத்துக்குப் போகிற நாளில் வீடு பூட்டிக் கிடக்கும். அதுவே வசதியாகப் போயிற்று.

காலை ஐந்து மணிக்குச் சட்டியை ஏற்றுவாள். ஐந்தே முக்கால் பேருந்து வராது என்ற உறுதியான நம்பிக்கையில் ஐந்தரைக்கே நிறுத்தத்தில் நிற்பாள். கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை அமலதாஸ் ஓட்டுநரின் கியர் மாற்றும் லட்சணத்தைப் பற்றிப் பேசுவார், பிறகு தூங்குவார். இரண்டு மணிக்கு வீடு திரும்பினால் சட்டியில் கோழி பஞ்சாக வெந்திருக்கும். மின்சாரம் போய்விட்டால் எடுத்துக் கேஸ் அடுப்பில் வைப்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பொன்னியிடம் ஒரு சாவி இருந்தது. பொன்னி வீட்டில் தையல் தைப்பவள், முப்பது வயது, எதற்கும் இரக்கப்படுபவள். அந்தக் குக்கருக்கு ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

அமலதாஸ் சாப்பிட்டார். ஒவ்வொரு முறையும் முதல் வாய்க்குப் பிறகு, “உப்பு மட்டும் இருந்தா ஓட்டலே போடலாம் ரோஸி” என்பார். பிறகு தட்டைக் காலி செய்வார். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. மருத்துவர் ஆச்சரியப்பட்டார். சான்றிதழ் அங்கிருந்துதான் புறப்பட்டது.

விழா ஒரு வியாழக்கிழமை. மனநல ஆலோசகர் காந்திமதி ரோஸ்லினின் கையில் ஒலிவாங்கியைத் திணித்து, நம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று மற்ற குடும்பங்களுக்கு இரண்டு நிமிடம் சொல்லச் சொன்னாள். ரோஸ்லினுக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

“பஸ்ஸு வராதுன்னு நெனச்சிக்குவேன், அதால முன்னாடியே போயிடுவேன். கரண்ட்டு போவும்னு நெனச்சிக்குவேன், அதால சாவி குடுத்து வெச்சிருக்கேன். இவரு திருட்டுத்தனமா தண்ணி குடிப்பாருன்னு நெனச்சிக்குவேன், அதால கொடத்த ரூம்புல வெச்சிப் பூட்டிடுவேன். அவ்ளோதாங்க.”

கூட்டம் சிரித்தது. அமலதாஸ் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். “இதுதாங்க பாசிட்டிவ் திங்கிங்!” என்று காந்திமதி முடித்துவைத்தாள். ஆனால் அவள் முட்டாள் இல்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டு, தேநீரைக் கையில் கொடுத்துச் சொன்னாள்:

“ரோஸ்லின்மா, நீங்க கடைசியா எப்ப நிம்மதியா தூங்கினீங்க?”

“அது எதுக்கு மேடம் இப்ப?”

“இப்படியே போனா அவருக்கு முன்னாடி நீங்க படுத்துடுவீங்க. ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நல்லது ஏதாவது நடந்தா, ஏன் எதுக்குன்னு நோண்டாதீங்க. சரின்னு வாங்கி வெச்சிக்குங்க. ஒரே ஒரு நாள் செஞ்சி பாருங்க.”

ரோஸ்லின் தலையாட்டினாள். கொடுத்த தேநீரில் சர்க்கரை போடாமல் விட்டிருந்தார்கள்; அதைச் சொல்லவில்லை. பயிற்சி அப்போதே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் வெள்ளி. தவக்காலம். நோயாளிக்கு இறைச்சி விலக்கில்லை என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு வைத்திருந்தாள். அவளுக்குத்தான் கூடாது. வெள்ளிக்கிழமை கவிச்சியை நாக்கில் வைக்க மாட்டாள். இரண்டு மணிக்கு வீட்டைத் திறந்தபோது மின்சாரத்தில் ஓடுகிற கடிகாரம் பின்தங்கியிருப்பதைப் பார்த்து, நடுவில் மின்சாரம் போய் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டாள். சட்டி கேஸ் அடுப்பில் இருந்தது; மூடியின் பிடியில் விரல் பட்ட தடம் இருந்தது. பொன்னி தூக்கிப் பார்த்திருக்கிறாள். அரை மணி கூடுதலாக வைத்தாள். பாஸ்தாவைப் போட்டுக் கிளறினாள். ருசி பார்க்கவில்லை.

அமலதாஸ் முதல் வாயை எடுத்து வைத்தார். மென்றார். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார்.

“இன்னிக்கு வெச்சிருக்க பாரு, அதான்டி சமையல்!”

வழக்கமான ஓட்டல் பேச்சைக் காணோம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டை விரலால் வழித்தார். வேறொரு நாளாக இருந்திருந்தால் ரோஸ்லின் தட்டைப் பிடுங்கி, என்ன விஷயம் என்று துருவித் துருவிக் கேட்டிருப்பாள். அன்று கேட்கவில்லை. நல்லது நடந்திருக்கிறது, வாங்கி வைத்துக்கொண்டாள். சிரித்ததாகக்கூடச் சொல்லலாம்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வாரத்திலேயே நீளமானது. சனிக்கிழமை அமலதாஸ் மூன்று முறை காற்று வாங்கப் போனார். டீக்கடையில் தண்ணீர் இலவசம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மாலையில் கணுக்கால் வீங்கியிருந்தது.

“கெளம்புங்க, இப்பவே போயிடலாம்.”

“திங்கக்கெழம மிஷினு இருக்குது இல்ல? ஒண்ணும் ஆவாது. நேத்திக்கு இன்னா நல்லா சாப்ட்டேன், பாத்த இல்ல?”

பார்த்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்ட மனிதனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஓர் இரவு மட்டும் நம்பினாள்.

ஞாயிறு விடிந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியபோது அதையும் நிறுத்திவிட்டார். ஓட்டுநர் நன்றாகத்தான் ஓட்டினார். குறை சொல்ல ஆளில்லை. பணியில் இருந்த மருத்துவர் பலவீனமான இதயம் என்றார், நுரையீரலில் நீர் என்றார், இந்த நோயில் எது முந்தும் என்று சொல்ல முடியாது என்றார்.

திங்கட்கிழமை அடக்கம் செய்தார்கள். மகளால் வர முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து போனில் பார்த்து அழுதாள்.

செவ்வாய் மதியம் பொன்னி சோறு கொண்டுவந்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தூக்கை இறக்கி வைத்தவள் போகாமல் நின்றாள். முந்தானையை முறுக்கினாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். வையக் கூடாது.”

“கேளு.”

“வெள்ளிக்கெழம கரண்ட்டு போச்சி இல்ல, அப்ப உள்ள வந்தேன். நீ சொன்னாப்புலயே கேஸ்ல வெச்சேன். வாசன வந்திச்சா, மூடியத் தொறந்துட்டேன். நான் வெள்ளிக்கெழம கவிச்சி தொட மாட்டேன், உனக்கே தெரியும். ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாத்துட்டு வாயக் கொப்புளிச்சேன். சப்புன்னு இருந்திச்சிக்கா. விடியகாலம் அவசரத்துல மறந்துட்ட போலன்னு ஒரு கை கல்லுப்பு போட்டேன். பாவம், ஊசி குத்திக்கினு வர்ற மனுசன், வாய்க்கு ருசியா துன்னட்டுமேன்னு. நேத்து தான் எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு, கிட்னிக்காரங்களுக்கு உப்பே ஆவாதாமே? அதால தான் அண்ணன்...”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோஸ்லின் சாவி கொடுத்தபோது மின்சாரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள், கேஸைப் பற்றி, பூனையைப் பற்றி, தண்ணீர்க் குடத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள். உப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுடைய பயங்களின் பட்டியல் நீளமானது. அதில் அடுத்தவரின் இரக்கம் இல்லை. கவிச்சி தொடாதவள் தொட்டு ருசி பார்த்திருக்கிறாள். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. அமலதாஸுக்கோ முதல் வாயிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இரண்டாம் முறை கேட்டிருக்கிறார்.

பொன்னி இன்னும் வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. ரோஸ்லின் தூக்கை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“அன்னிக்கு அவரு அத வாய்லயே வெக்கல பொன்னி.”

“நெஜமாவா?”

“கரண்ட்டு போனதுல கெட்டுப்போச்சோன்னு சந்தேகம். அப்படியே தெரு நாய்க்குக் கொட்டிட்டேன். இட்லி வாங்கித் தான் குடுத்தேன்.”

“என்னைத் தேத்தறதுக்கு சொல்றியா?”

“நான் எவளத் தேத்தியிருக்கேன் இந்தத் தெருவுல? ஆறுதலா ஒரு வார்த்த என் வாய்லருந்து கேட்டிருக்கியா நீ?”

பொன்னி யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லை. அதனால் நம்பினாள். தரையில் உட்கார்ந்து, நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து தட்டைக் கழுவிக்கொண்டுவந்தாள். தூக்கைத் திறந்து சோறு போட்டாள், கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள்.

ரோஸ்லின் பொன்னியிடம் பொய் சொன்னாள். அவள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள்.