கொட்டாஞ்சேனையில் என் மகளுக்குக் காது கேட்டதாகச் சொன்ன நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். அச்சுக்குக் கொடுப்பவர்கள் திருத்திப் போட்டால் நல்லது.

எங்கள் சபை மாத இதழில் எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நான் போனது வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு. பத்துக் கிலோமீற்றர் தூரம். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று மனைவி கேட்டாள். எழுதாவிட்டால் இந்தக் கோபம் என்னைத் தின்றுவிடும் போல இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் காலி வீதியில் 102ஆம் இலக்க பஸ் ஏறினோம். நானும் மகள் டிலக்சியும். அவளுக்கு வயது இருபது. பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கிறாள். எனக்குப் புடைவைக் கடையில் வேலை. ஆட்கள் விரித்துப் பார்த்துவிட்டுப் போட்ட புடைவைகளை மடித்து வைப்பவன்.

டிக்கெட் ஆளுக்கு எழுபது ரூபா. பஸ் நிறைந்திருந்தது. கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளினான். டிலக்சி அவன் வாயசைப்பை அப்படியே செய்து காட்டினாள். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் சிரித்துவிட்டுத் தன் பையை நகர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தாள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் காலிமுகத்திடல் வந்ததும் கடற்காற்று உள்ளே அடித்தது. அதுவரை நல்ல பயணம்தான்.

மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கினோம். மனைவியின் அக்கா குடையோடு காத்து நின்றார். நோயாளிகளுக்குச் சுகம் கிடைக்கும் என்கிற ஒரு ஜெபக் கூட்டத்துக்கு ஆறு மாதமாகப் போகிறவர், எங்களை வரச் சொன்னதும் அவர்தான்.

"தம்பி, இண்டைக்குக் கூச்சப்படாதேங்கோ. அங்க எல்லாரும் ஆண்டவரை அப்பா எண்டு வாய் திறந்து கூப்பிடுவினம். நீங்களும் கூப்பிடோணும்."

"எனக்கு ஆக்களுக்கு முன்னால வராது அக்கா."

"பிள்ளைக்காக ஒருக்கா வரட்டுமே."

டிலக்சி கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்தவர் அக்கா. அதனால் மறுக்க முடியவில்லை.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில், இரும்புக் கடைக்கு மேல்மாடியில் கூட்டம் நடந்தது. இருநூறு பேர் இருக்கும். முன்னால் பலகையடித்த மேடை, அதன் மேல் ட்ரம்ஸ், ஆளுயர ஸ்பீக்கர்கள். பிரசங்கியார் இளைஞர். நன்றாகத்தான் தொடங்கினார். கடவுளை முதலாளிபோல நினைத்துப் பயப்படாதீர்கள், அவர் அப்பா, மடியில் ஏறிக் கேளுங்கள் என்றார். எனக்குக் கண் கலங்கியது உண்மை.

பிறகு குரலை உயர்த்தினார். "உரிமையோட கேக்கணும்! கத்திக் கேக்கணும்! கூச்சப்படுற பிள்ளைக்கு அப்பா வீட்டில சாப்பாடு இல்லை!"

எனக்கு உள்ளே சுருக்கென்றது. என் வீட்டில் ஒரு பிள்ளை இருபது வருடமாக வாய் திறந்து ஒன்றுமே கேட்டதில்லை. அவளுக்குச் சாப்பாடு இல்லையா? அவள் முகம் வாடினாலே நானும் மனைவியும் சட்டியைத் திறந்து பார்ப்போம். புடைவை மடிக்கிற எனக்கே இது தெரியும் என்றால், வானத்தையும் பூமியையும் படைத்தவருக்குத் தெரியாதா?

அதற்குள் அக்கா டிலக்சியைக் கையில் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போய்விட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு, கூட்டத்தைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். பிரசங்கியார் அவள் காதுகளில் விரல் வைத்துக் கத்தினார். இருநூறு பேரும் கத்தினார்கள். அவள் என்னைத் தேடினாள். நான் கையசைத்தேன். பயப்படாதே என்று காட்டினேனே தவிர, போய்க் கூட்டி வரவில்லை.

அவளுக்குப் பின்னால் இருந்தவர் பெரிய ட்ரம்மை ஓங்கி அடித்தார். டிலக்சி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுட்டுது! அப்பா காதைத் திறந்துட்டார்!"

பிரசங்கியார் இப்படிக் கத்தியதும் கூடம் அதிர்ந்தது. அக்கா முழங்காலில் விழுந்து அழுதார். அவளுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் அவளைக் கூப்பிட மேசையில் தட்டுவோம். அவள் கை மேசையில் இருந்தால் திரும்புவாள். இங்கே பலகை அதிர்ந்தது, காலால் அறிந்து திரும்பினாள்.

என்னையும் மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் தந்தார்கள். "சாட்சி சொல்லுங்க சகோதரரே! அப்பாவுக்கு நன்றி சொல்லுங்க!"

என் வாழ்க்கையில் மைக் பிடித்ததில்லை. ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். டிலக்சி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாயசைப்பை அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"பிள்ளைக்குக் கேக்கேல்லை" என்றேன். "பலகை அதிர்ந்தது. அதுதான் திரும்பினவள்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரசங்கியார் மைக்கைப் பறித்தார். "பாருங்க, இதுதான் அவிசுவாசம்! அப்பா குடுத்ததை இவர் தட்டிவிட்டுட்டார். இனி இந்தப் பிள்ளைக்குக் கேக்காட்டி யாருடைய குற்றம்?"

எந்த அப்பா ஐயா, பிள்ளைக்குக் காது கொடுத்துவிட்டு, இன்னொருவன் சொன்ன சொல்லுக்காக அதைத் திரும்பப் பிடுங்குவார்? நான் அப்படிச் செய்தால் பொலிசுக்குப் போவார்கள். இதை அங்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

அக்கா பின்னாலேயே வந்தார். "என்ர மானத்தை வாங்கிப் போட்டியள் தம்பி. ஒரு ஆமென் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"கேக்குதெண்டு சொல்லிப்போட்டு நாளைக்கு இவளைக் காலி வீதியில தனிய விடட்டோ? லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். பிரசங்கியார் வந்து பிடிப்பாரோ?"

அக்கா குடையை விரித்து டிலக்சிக்குப் பிடித்தபடி சந்திவரை வந்தார். "எனக்கு ஆசையா இருந்தது, அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார். அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

ஐந்தரைக்குத் திரும்பும் பஸ். இருக்கை கிடைத்தது. புறக்கோட்டை நெரிசலில் பஸ் நின்றபோது டிலக்சி சைகையில் கேட்டாள். என்னைக் குறிக்க மேலுதட்டில் விரலால் மீசை வரைவாள். மீசை வரைந்து மேலே காட்டினால் அது கடவுள். ஏன் எல்லோரும் அவரைப் பார்த்து வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்தார்கள் என்று கேட்டாள்.

உனக்குக் காது கேட்க வேண்டுமென்று கேட்டார்கள் என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு மீசை வரைந்து, மேலே காட்டி, தன் காதைத் தொட்டு, கையை இல்லை என்று ஆட்டினாள். அவருக்கும் கேட்காதா?

தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. பிரசங்கியார்மேல் இருந்த கோபம் கோட்டை தாண்டும்போது மேலே இருப்பவர்மேல் திரும்பிவிட்டது. என் பிள்ளையை வெறுங்காலோடு அங்கே நிறுத்தினபோது நீரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? கொடுக்க மனமிருந்தால் இருபது வருடத்தில் ஒரு நாள் கொடுத்திருக்கலாமே? இல்லை என்றால் இல்லை என்றாவது ஒரு சொல் சொன்னீரா? கொள்ளுப்பிட்டியில் இன்னும் மோசமான சொற்கள் வந்தன. நீரும் ஒரு அப்பாவோ என்றுகூடக் கேட்டேன். வாய் அசையவில்லை. ஆனால் உள்ளே நான் இட்ட சத்தம் அந்த இருநூறு பேரின் சத்தத்தைவிடப் பெரிது.

பம்பலப்பிட்டியில்தான் ஒன்று உறைத்தது. கடையில் ஒரு அம்மா நாற்பது புடைவையை விரிக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாலும் நான் முகம் சுளிப்பதில்லை. கண்டக்டர் மிச்சக் காசு தராவிட்டாலும் கேட்பதில்லை. பிறத்தியாரோடு எனக்குச் சண்டை வராது. என் தகப்பனோடு சண்டை பிடித்திருக்கிறேன், மனைவியோடு பிடிக்கிறேன், மகளோடும் கைச்சைகையாலே பிடிக்கிறேன். வீட்டு ஆட்களோடு மட்டும்தான் எனக்குச் சண்டை.

வெள்ளவத்தையில் மகளை எழுப்பி இறக்கினேன். மனைவி வாசலில் நின்று என்ன நடந்தது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் நான் சண்டை பிடித்ததைச் சொல்லவில்லை.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. விடியற்காலையில் எழும்பி விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். அவர் இதுவரை பதில் சொல்லவில்லை, எழும்பிப் போகவுமில்லை. நானும் போகமாட்டேன்.

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை