சிவலையைத் தேடிப் போன அம்மாளாச்சி

சனம் சாமியாகக் கும்பிடுகிற குளக்கட்டு அம்மாளாச்சியை எனக்கு நேரில் தெரியும். அவர் என் அம்மாவின் தங்கை. கட்டையான ஆள், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். இதைப் பற்றி நான் ஒருவரோடும் வாதாடியதில்லை. நாலு பேர் கூடினால் எனக்குக் கதை வராது. வந்தாலும் நம்பமாட்டார்கள்.

கிளிநொச்சியை விட்டுச் சனம் வெளிக்கிட்ட அன்று காலை, ஷெல் சத்தத்துக்கு வெருண்ட சின்னம்மாவின் சிவலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. அது சினை மாடு. சின்னையா செத்த பிறகு அதன் பாலில்தான் எங்கள் இருவருடைய சீவியமும் போனது. என்னைச் சாமான்களோடு றோட்டோரம் இருக்கச் சொல்லிவிட்டுச் சின்னம்மா மாட்டின் பின்னால் போனார். மழை தூறியதால் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திருந்தார். காட்டு வாசலில் மாட்டின் மணி அறுந்து கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

றோட்டில் நடக்க இடமில்லை. இந்த வேகத்தில் காட்டுக்குள் போகிற மனுசிக்கு வழி தெரிந்திருக்கும் என்று யாரோ அவருக்குப் பின்னால் போயிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னும் பல குடும்பங்கள் போயிருக்கின்றன. சின்னம்மா குளம்படியையும் சாணத்தையும் பார்த்து நடந்தாரே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை. மாடு தண்ணீர் இருக்கிற பக்கம்தானே போகும். கடைசியில் ஒரு பழைய குளம் வந்தது. குளக்கட்டுக்கு அப்பால் ஒரு ஊரும் இருந்தது. சனம் தண்ணீர் குடித்து நிமிர்ந்தபோது முன்னால் போனவரைக் காணவில்லை. மாட்டின் அடி அங்கிருந்து பற்றைக் காட்டுக்குள் திரும்பியிருந்தது. அவரும் திரும்பிவிட்டார்.

மத்தியானம் மணியோடு மட்டும் வந்து சேர்ந்தார். பின்னால் வந்த சனம் போட்ட சத்தத்தில்தான் மாடு நிற்காமல் ஓடியது என்று கனகாலம் திட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு தருமபுரம் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். சின்னம்மா கச்சான் கடலை வறுத்து விற்றார். சில வருடங்கள் கழித்து, கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றபோதுதான் குளக்கட்டு அம்மாளாச்சியின் கதையைக் கேட்டோம். முன்னால் நின்ற பெண் சொன்னார். ஆறடி உயரமாம். வெள்ளைச் சேலையாம். கால் நிலத்தில் படவில்லையாம். சிலம்புச் சத்தம் கேட்டதாம். சனத்தைத் தண்ணீரில் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்படியே மறைந்தாவாம். சின்னம்மா கொட்டாவி விட்டார்.

"அடுத்த நாள் அவவின்ர மாடு தானா வந்து குளக்கட்டில நிண்டதாம். கண்டும் போட்டுட்டுதாம்."

சின்னம்மா வாயை மூடினார். "என்ன நிறம்?" என்று கேட்டார்.

மறுநாளே சைக்கிளில் போனோம். குளக்கட்டில் ஒரு பாலை மரத்தடியில் கல் நட்டுச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு குழையை முறித்துச் சாமிக்குத் தொங்கவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே குழை மலைபோலக் கிடந்தது. பக்கத்தில் சிவலை குங்குமப் பொட்டோடு, அந்த வருடம் போட்ட கன்றுக்கு அருகில் நின்றது. எங்களிடம் இருந்தபோது அது இவ்வளவு கொழுத்திருந்ததில்லை. சின்னம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது அசைபோடுவதை நிறுத்தவில்லை.

பூசாரியார் வந்தார். சின்னம்மா மாட்டின் தொடையில் சின்னையா சுட்ட குறியைக் காட்டினார். பூசாரியாரும் மாடு வளர்த்தவர்தான். தடவிப் பார்த்தார்.

"உங்கட மாடுதான் அம்மா. ஆனா இந்தச் சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

குழையோடு வந்த ஒரு பெண் கேட்டுக்கொண்டு நின்றார். கைக்குழந்தையோடு அன்று நடந்து வந்தவர்களில் அவரும் ஒருவராம். அம்மாளாச்சியைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

"அண்டைக்கு முன்னால போனது நான்தான்," என்றார் சின்னம்மா.

அந்தப் பெண் சின்னம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். போன மாசமும் ஒருத்தி வந்தவா. அவா எண்டாலும் கொஞ்சம் உயரம்."

பூசாரியார்தான் ஒரு வழி சொன்னார். அம்மாளாச்சியிடமே பூக்கட்டிக் கேட்போம். வெள்ளைப்பூ வந்தால் மாட்டைக் கொண்டுபோகலாம், சிவப்பு வந்தால் மாடு இங்கேயே நிற்கும். இரண்டு பூவையும் இலையில் பொதிந்து கல்லின் முன்னால் போட்டார். சின்னம்மாவுக்கு மாட்டைக் கொடுக்கலாமா என்று சின்னம்மாவிடமே கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. சின்னம்மா கண்ணை மூடி, உண்மையாகவே கும்பிட்டுக்கொண்டு நின்றார். சிவப்பு வந்திருந்தால் சும்மாதான் திரும்பியிருப்பார்.

பொதியை அந்தப் பெண்ணே எடுத்தார். வெள்ளை.

பூசாரியார் கயிற்றை அவிழ்த்துக் கையில் தந்தார். கன்று தானாக வந்தது. அந்தப் பெண் அழுதார். நாங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்தோம். மாடு முதல்நாள் சின்னம்மாவை உதைத்தது. மூன்றாம் நாள் பால் விட்டது. கச்சான் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம்.

கிழமை ஒன்று போயிருக்கும். அந்தப் பெண் விசாரித்துக்கொண்டு போத்தலோடு வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சலாம், அந்த மாட்டின் பால்தான் வேணுமாம். சின்னம்மா போத்தலை மணந்து பார்த்துக் கழுவிவிட்டுப் பால் ஊற்றிக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. அந்தப் பெண் போகாமல் நின்றார்.

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. அண்டைக்கு முன்னால போனது நீங்களோ?"

"ஓம். மாட்டைத் தேடிப் போனனான்."

"அப்ப உங்களுக்கு வழி தெரியாதோ?"

"எனக்கென்ன தெரியும்? மாடு போன வழியால போனனான்."

அந்தப் பெண் போத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சிவலையின் நெற்றியைத் தொட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். சின்னம்மாவிடம், "அப்ப வாறன் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போத்தலை எடுத்துக்கொண்டு போனார்.