மஞ்சள் விளக்கு மாட்டிய வண்டி

என் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய்க் கரும்பைப் பார்த்து, யார் வயலை எப்போது வெட்டலாம் என்று சொல்ல வேண்டும். அப்போது திருமானூரில் குடியிருந்தோம். எழுபதுகளின் கடைசியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதில் அவருக்கு ஒரே குறைதான். வெளிச்சம் போதவில்லை.

முதலில் பல்பை மாற்றினார். பிறகு அரியலூரில் ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடித்து ஹெட்லைட்டுக்குக் கீழே இன்னொரு விளக்கு வைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் போதாமல், முன்பக்கத்தில் ஒரு கம்பி அடித்து, லாரிகளுக்கு மாட்டும் மஞ்சள் விளக்கு இரண்டைக் கொண்டுவந்தார்.

“சார், வண்டி தாங்காது. பேட்டரி இறங்கிடும்” என்று எலக்ட்ரீஷியன் சொல்லிப் பார்த்தார்.

“இறங்கினா சார்ஜ் போட்டுக்கறேன். நீங்க மாட்டுங்க. ரோடு தெரியணும்ல?”

சுவிட்சுகளை மட்டும் அவரே பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரிப்பார். ஒரு தகரப் பட்டையில் ஓட்டை போட்டு, சுவிட்சுகளை வரிசையாக முடுக்கி, கைப்பிடிக்குப் பக்கத்தில் இறுக்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பழகினார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தெருவில், “தேர் வருது, வழிவிடுங்கப்பா” என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்காக அரியலூர் போய்விட்டு ஒருநாள் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. வரப்பில் நின்ற ஆடுகூட எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. இவர் இதோ ஒதுங்குவார், இதோ ஒதுங்குவார் என்று பார்த்தேன். அவர் நேராகப் போனார்.

“என்னங்க, வண்டி! வண்டி!”

பிரேக்கை அழுத்தியதில் சக்கரம் சறுக்கிச் சாலையோரத்தில் சாய்ந்தோம். கரும்புத் தோகை கிழித்து மகளின் நெற்றியில் ரத்தம். வண்டிக்காரர் இறங்கி வந்து, “இத்தன லைட்டப் போட்டுக்கிட்டுக் கண்ணு தெரியலையாய்யா?” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

இவர் வண்டியை நிமிர்த்திக்கொண்டு சுவிட்சுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“எரியுதா பாரு.”

“எரியுதுங்க.”

“எல்லாமா?”

“எல்லாந்தாங்க எரியுது.”

நான் மகளின் நெற்றியை முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தேன். அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

“சின்ன வயசுலேருந்தே சாயங்காலமானா மங்கலாத்தான் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்” என்றார்.

அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவருடைய ஒரு கையை என் தோளில் வைக்கச் சொல்லி நான் முன்னால் நடந்தேன்.

திருச்சியில் கண் டாக்டர் நெடுநேரம் சோதித்தார். கண்ணுக்குள் இருக்கும் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம். மருந்து இல்லை, கண்ணாடி போட்டாலும் பயனில்லை என்றார். பிறகு, “சொந்தத்துல கட்டினீங்களா?” என்று கேட்டார். என் அத்தை மகன்தான் என்றேன். டாக்டர் என் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார். “சாயங்காலத்துல இவளக் கொஞ்சம் கவனிச்சுக்கிட்டே இருங்கம்மா” என்றார்.

மறுநாள் காலை பார்த்தால், சாக்கை விரித்துப் புதிதாக ஒரு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார்.

“இனிமே இது எதுக்குங்க?”

“சும்மா உக்கார முடியலம்மா” என்றார். ஸ்குரூ ஒன்று கைநழுவி மண்ணில் விழுந்தது. பக்கத்திலேயே கிடந்ததை அவர் தடவித் தேடினார். நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பகலில் மட்டும் சில காலம் ஓட்டினார். பிறகு பகலும் குறுகியது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரெதிரில் இருப்பது மட்டும் தெரிகிறது என்பார். ஆலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. வண்டியை மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவர் வாங்கிப்போனார். இத்தனை சுவிட்சு எதற்கு என்று, எங்கள் வாசலிலேயே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்.

நான் தினமும் சாயங்காலம் மகள் முன்னால் எதையாவது உருட்டிவிட்டு, எடுத்துவரச் சொல்வேன். ஓடிப்போய் எடுத்து வருவாள். வருஷக்கணக்காக எடுத்து வந்தாள். எனக்கும் பயம் விட்டுப்போய், அந்தப் பழக்கத்தையே நிறுத்திவிட்டேன்.

அவள் ஆறாவது படிக்கும்போது, ஒருநாள் மின்சாரம் நின்றிருந்த சாயங்காலம், தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போனாள். சுவரும் கதவும் எனக்குத் தெரிகிற அளவுக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். அதற்குள் அவர் பார்வை முழுவதும் போயிருந்தது. ஆனால் எனக்கு முன்னால் அவருக்குத்தான் தெரிந்தது.

“பாப்பா சுவத்தத் தடவிக்கிட்டுப் போவுதா?” என்று கேட்டார்.

நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.