காதுகுத்துக்கு ஒரு எடிட்டர்

இன்று சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில், நைரோபியில் பத்திரிகை நடத்தும் ஒரு பெண்ணின் பேட்டியை ஃபோனில் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர், எழுத்தாளர், வார இறுதியில் டிஜே. படத்தில் ஹெட்ஃபோனோடு சிரிக்கிறார்.

பக்கத்து சீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏந்தம்பி, பத்திரிகைக்காரம்மாவுக்குப் பாட்டுப் போடுற வேலை எதுக்கு? ஏதாச்சும் ஒண்ணைப் பாக்கலாம்ல?"

நானும் ஒரு சிற்றிதழின் ஆசிரியர். விடுவேனா?

"ரெண்டும் ஒரே வேலைதாண்ணே. எதுக்கப்புறம் எது வரணும்னு தெரியணும்."

அவர் ஃபோனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாஸ்தவந்தான். அக்கா மகன் காதுகுத்துக்கு நான் சீர்த்தட்டோட மண்டபத்துக்குள்ள நுழையிறேன், தாய்மாமன் பாட்டுப் போட வேண்டிய மைக்செட்டுக்காரன் சோகப் பாட்டைப் போட்டுட்டான். தட்டோட திரும்பிரலாம்னு இருந்துச்சு."

"அங்க ஒரு எடிட்டர் இல்லாத குறைதாண்ணே. நானும் ஒரு பத்திரிகைக்கு எடிட்டர்தான்."

இறங்கும்போது சொன்னார்: "அடுத்த மாசம் அக்காவோட சின்ன மகனுக்குக் காதுகுத்து. அந்தம்மா அம்புட்டுத் தூரத்துலருந்து வர முடியாது. நீங்கதான் வந்து பாட்டுப் போடணும்."

உடனே ஒத்துக்கொண்டேன். பத்திரிகைக்காக இதுவரை யாரும் என்னை இப்படி அழைத்ததில்லை.

சீர் உள்ளே நுழையும்போது என்ன பாட்டுப் போடலாம்? கமெண்ட்டில் சொல்லுங்கள். சோகப் பாட்டுச் சொல்கிறவர்களின் கவிதை அடுத்த இதழில் வராது.