ஒரு சுற்றுத் தூக்கம்

அம்மா டோக்கியோவில் ரயிலில் தூங்கிப்போய், ஊரையே ஒரு முழுச் சுற்று சுற்றி வந்த கதை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தவறாமல் சொல்லப்படும். பந்தியில் யாராவது தொடங்கிவைப்பார்கள். "எலக்ட்ரிக் ட்ரெயின்ல தூங்கறது போதாதுன்னு ஜப்பான் போயும் தூங்கிகினு வந்தவளாச்சே" என்று பெரிய மாமா முடித்துவைப்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அந்த ரயிலில் நானும் இருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

அம்மா செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்தவள். மாலை வண்டியில் உட்கார இடம் இருக்காது. உட்கார்ந்திருப்பவர்களிடம் "எங்க எறங்குவீங்க?" என்று கேட்டு, கிட்டத்தில் இறங்குகிறவர் முன்னால் போய் நின்றுகொள்வது அந்த வண்டியின் வழக்கம். அப்படிக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்ததும் அம்மா கண்ணை மூடிவிடுவாள். பரனூர் தாண்டி, செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் கொளவாய் ஏரிக் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் பட்டதும் கண் தானாகத் திறக்கும். கூடப் போன நாட்களில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி டோக்கியோ போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்கு அங்கே சாஃப்ட்வேர் வேலை. காலையில் போனால் இரவுதான் திரும்புவார். கிளம்புவதற்கு முன் சென்னையில் வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழி படித்த சித்தி, அங்கே போனபின் அதில் ஒரு வார்த்தைகூட யாரிடமும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவோடு வெளியே போவாள். மற்ற நாட்களில் வாசல் தாண்டுவதில்லை. போனில் அழுதாள். செய்யூரிலிருந்து தாத்தா அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். "போய்ப் பாரு. செரிப்படலன்னா கையோட கூட்டிகினு வந்துடு."

பள்ளி விடுமுறையில் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். என் கட்டிலில் பாதியைச் சித்திக்கு ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் நான் போனேன். அங்கே போய்ப் பார்த்தால், சித்தியின் பெட்டி ஏற்கெனவே கட்டப்பட்டு வாசலோரம் நின்றது.

ஊர் சுற்றிக் காட்டுவதற்கு லீவு போடட்டுமா என்று சித்தப்பா கேட்டார். நீங்கள் வேலையைப் பாருங்கள் தம்பி, எனக்குத் தெரியாத ரயிலா என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவள் நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் புரியவில்லை. தாம்பரத்தில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவளிடம் வந்து எந்த வண்டி எங்கே போகும் என்று கேட்பார்கள். டோக்கியோவில் அவளுக்கு எதுவுமே விளங்கவில்லை. நாங்கள் ஏற வேண்டிய பச்சைக் கோடு போட்ட பெட்டிக்குப் பதில் ஆரஞ்சு பெட்டியில் ஏறப் போவாள். வெளியேறும் வழி என்று போனால் சாலைக்கு எதிர்ப்புறம் கொண்டுபோய் விடுவாள். ஒவ்வொரு தடவையும் "எனக்கு இன்னா தெரியும், நீயே கேளுடி" என்று சித்தியை முன்னால் தள்ளுவாள். சித்தி யாரிடமும் கேட்காமல், பலகைகளைப் படித்தே வழி கண்டுபிடிப்பாள்.

ஒரு நாள் கூட்டத்தில் நின்றபடி, உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பையனிடம் பழக்க தோஷத்தில் தமிழிலேயே எங்கே இறங்குவாய் என்று கேட்டுவிட்டாள். அந்த ஊர் ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பையன் பதறி எழுந்து இடம் கொடுத்தான். சித்தி முகம் சிவந்து அவனிடம் ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டாள். அவள் அந்த மொழி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது உயேனோ மிருகக்காட்சி சாலையில் பாண்டா பார்க்கப் போனோம். பாண்டா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கில் தின்றது. சித்தியின் வீடு ஓட்சுகா நிலையத்துக்குப் பக்கம். திரும்பும்போது மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது.

"கண்ணு சொருவுது. எடம் வந்தா எழுப்புடி" என்றாள் அம்மா.

"நீ தூங்காதக்கா. எனக்குப் பயமா கீது" என்றாள் சித்தி.

அம்மாவின் கண் அதற்குள் மூடிவிட்டது.

ஓட்சுகா வந்தது. சித்தி குரல் வெளியே வராமல் "எந்திரிக்கா" என்றாள். தோளைத் தொட்டாள். அம்மாவின் தலை என் பக்கமாகச் சரிந்ததோடு சரி. கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிலையத்தில் ஒரு பெருங்கூட்டம் ஏறி எங்கள் முன்னால் சுவர்போல் நின்றது. சித்தி, சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. ஒரு கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தாள். நாளைக்கே உங்களோடு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவுக்கு மேலே இருந்த ரயில் பாதைப் படத்தையே பார்த்தாள். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.

"இது சுத்துற வண்டிடி. எறங்கவே வேணாம். திரும்ப அங்கயே வரும்."

அதன் பிறகு அவள் பிடி தளர்ந்தது. நிலையங்களின் பெயரை எனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள். ஏதோ ஒரு பெரிய நிலையத்தில் இரண்டு கையிலும் பையோடு ஒரு கிழவி ஏறினாள். அம்மா கண்ணைத் திறக்காமலே கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டு, என்னை ஒட்டி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். கூடுவாஞ்சேரி பக்கம் நாலாவது ஆள் வந்து நின்றாலும் அவள் அப்படித்தான் தூக்கத்திலேயே நகர்வாள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உயேனோ மறுபடி வந்தது. அடுத்து என்ன வரும் என்று சித்தி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள், சொன்னபடியே வந்தன. ஓட்சுகாவுக்கு முந்தைய நிலையத்திலேயே எழுந்து நின்றுவிட்டாள். கதவருகே ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். சித்தி ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு "ஒரிமாஸ்" என்றாள். இறங்கணும் என்று அர்த்தம். பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தாம்பரத்தில் அப்படிக் கத்தினால் நாலு பேர் திட்டுவார்கள். அங்கே கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. நாங்கள் மூவரும் நடுவே நடந்து இறங்கினோம். என் சித்தி ஒரே வார்த்தையில் டோக்கியோவை ஒதுங்க வைத்தாள் என்று வகுப்பில் பல நாள் பீற்றிக்கொண்டேன்.

பிளாட்பாரத்தில் அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டாள். சித்தி ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் கிளம்பிய அன்று வாசலோரம் பெட்டி இல்லை. சித்தி எங்களை ரயிலில் விமான நிலையம்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, தனியாகத் திரும்பிப் போனாள். நான் அழுதேன். அம்மா அழவில்லை. சித்தி கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

சென்னையில் இறங்கி, எதிரே திரிசூலத்தில் செங்கல்பட்டு வண்டி பிடித்தோம். அம்மா உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். பரனூர் தாண்டியது. ஏரிக் காற்று வந்தது. அம்மா கண்ணைத் திறந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஜப்பான்ல மட்டும் ஏம்மா நீ எழுந்துக்கல?" என்று கேட்டேன்.

"அங்க ஏரி இல்லையேடி" என்றாள் அம்மா.

அது எனக்குச் சரியான பதிலாகத்தான் பட்டது.